முகம் தேய்ந்த வெள்ளிக் காசுகள்

காசின் பூப் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. கழுகின் இறகுகள் நேற்றுதான் அச்சிலிருந்து விழுந்தவை போல அத்தனை துலக்கமாக இருந்தன. திருப்பியபோதுதான் மார்லிஸின் கட்டைவிரல் வழுக்கியது. தலைப் பக்கத்தில் தலையே இல்லை. சுருள்முடியும் கிரீடமுமாக ஒரு பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஆற்றுக் கூழாங்கல்லின் முதுகு மாதிரி வழவழவென்று ஒரு பள்ளம் மட்டும் இருந்தது.

காசு தேய்வது அவளுக்குப் புதிதல்ல. கைமாறி, சட்டைப்பையில் சாவியோடு உரசி, கல்லாப்பெட்டியில் புரண்டு தேய்ந்த காசுகளைத்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள். ஆனால் அப்படித் தேய்கிற காசு இரண்டு பக்கமும் தேயும். ஒரு பக்கம் புத்தம்புதிதாகவும் மறுபக்கம் மொட்டையாகவும் ஒரு வெள்ளி டாலரை, ஏலம் ஏலமாக அலைந்த இத்தனை காலத்தில் அவள் கண்டதில்லை. யாரோ ஒருவர் விரலை அதே இடத்தில் வைத்து, ஆயுள் முழுக்கத் தேய்த்திருந்தால்தான் அப்படி ஆகும்.

டின்னுக்குள் கையை விட்டு இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. அடுத்ததும்.

ஏலம் நடந்த ட்வீட்டன் பண்ணை மேட்டின் உச்சியில் இருந்தது. நவம்பர் காற்று மேட்டுக்குக் கீழே தேங்கிக் கிடந்த பழைய தீவன வாடையையும், சர்ச் பெண்கள் கொட்டகையில் கொதிக்கவைத்த காபி வாசனையையும் மாற்றி மாற்றி முகத்தில் அடித்தது. முற்றத்தில் வரிசையாக நிறுத்தியிருந்த வைக்கோல் வண்டிகளின் மேல் செத்துப்போன ஒரு கிழவியின் மொத்த வாழ்க்கையும் பரப்பி வைக்கப்பட்டிருந்தது: பீங்கான் தட்டுகள், தலையணை உறைகள், கோடாரி, ஊறுகாய் ஜாடிகள், ஒரு ஜோடி பனிச்சறுக்குக் கட்டைகள். மார்லிஸ் கிளறிய பேக்கிங் பவுடர் டின்னில் மேலாகப் பொத்தான்கள் கிடந்தன. பொத்தான்களுக்கு அடியில்தான் ஜனங்கள் காசை ஒளிப்பார்கள் என்பது மார்லிஸுக்குத் தெரியும். இழுப்பறையின் பின்பலகை, திரைச்சீலையின் மடிப்பு, மாவு டப்பா என்று அவள் விரல்கள் தாமாகவே போகிற இடங்கள் சில உண்டு.

அந்தக் காசுப் பைத்தியம் உண்மையில் அவளுடையது அல்ல, மகள் சிக்னியுடையது. மகள் ஏலத்தில் காசு தேடும்போது மார்லிஸ் காருக்குள் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள். கல்லூரியிலிருந்து கிறிஸ்துமஸுக்குத் திரும்பி வருகிற வழியில், பனிக்கட்டி படிந்த மேட்டுச் சாலையில் சிக்னியின் கார் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. அடுத்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை மார்லிஸ் கடைக்கு என்று கிளம்பி, எப்படியென்று தெரியாமல் ஏதோ ஒரு பண்ணை ஏலத்தில் நின்றிருந்தாள். அன்றிலிருந்து ஏலத்துக்குப் போவது நிற்கவில்லை. லென்ஸுக்குக் கீழே ஒரு காசைப் பிடித்திருக்கும் நேரம் மட்டும் நெஞ்சு வலிக்காது.

"என்ன மார்லிஸ், பொத்தான் பொறுக்க வந்துட்டீங்களா? ஆரினுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

கிளேட்டன். டவுனில் காசுக்கடை வைத்திருப்பவன். கழுத்தில் கயிறு கட்டி லென்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு எல்லா ஏலத்துக்கும் வருவான். அவன் வந்தால் மற்றவர்களுக்கு வெள்ளி மிஞ்சாது.

"நீயே பாரு," என்று ஒன்றைக் கொடுத்தாள். மறைத்துப் பயனில்லை, எப்படியும் டின்னைக் கிளறுவான்.

அவன் அதைத் திருப்பினான். கட்டைவிரல் பள்ளத்தில் உட்கார்ந்தது. பிறகு காசை டின்னுக்குள் போட்டுவிட்டு விரலைப் பேண்ட்டில் துடைத்தான்.

"வேணாம். நீங்களே எடுத்துக்கங்க."

"எடைக்குப் போட்டாலே வெள்ளி விலை வருமேடா. நீ விட்டுட்டுப் போற முதல் வெள்ளி இதுதான்."

"வேணாம்னா விடுங்களேன்." மறுபடியும் விரலைத் துடைத்தான். "யாரோட கையையோ புடிச்ச மாதிரி இருக்கு."

சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் மறந்திருப்பாள். அவன் சிரிக்கவில்லை.

குளிருக்கு ஒதுங்க வீட்டுக்குள் போனாள். முன்னறையில் விற்பனைக்கென்று படச்சட்டங்களை ஒரு பெட்டியில் அடுக்கியிருந்தார்கள். எல்லாம் நல்ல வால்நட் மரச் சட்டங்கள். படங்களும் உள்ளேயே இருந்தன. கறுப்புக் கோட்டும் கடிகாரச் சங்கிலியுமாக ஒரு ஆள், கழுத்துவரை பொத்தான் போட்ட ஒரு பெண், கத்தரிக்காத புல்லில் நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். விரல் நகம்கூடத் தெரிந்தது. கழுத்துக்கு மேலே மட்டும் ஒன்றும் இல்லை. வெளிறிப்போன வட்டம், அவ்வளவுதான்.

"வெயில் பட்டு போயிடுச்சு," என்றார் ஏலக்காரர் நார்வல், அவள் பார்ப்பதைப் பார்த்து. "சட்டத்துக்காக வாங்கிக்க, நல்ல மரம்."

மார்லிஸ் சுவரைப் பார்த்தாள். வடக்குப் பார்த்த அறை, வெயில் வராது. படங்கள் மறைக்காத இடத்திலும் சுவர்க்காகிதத்தின் ரோஜாக்கள் ஒட்டிய நாளில் இருந்த அதே சிவப்பில் இருந்தன.

கொட்டகையில் ஆர்டிஸ் காபியும், பன்றித்தொடைக் கறி வைத்த ரொட்டியும் விற்றுக்கொண்டிருந்தாள். சர்ச்சில் மார்லிஸோடு பாடுபவள், வாய் ஓயாதவள். இன்று கொஞ்சம் அடங்கியிருந்தாள்.

"குட்ரூன் ட்வீட்டன உனக்குத் தெரியுமாடி?" என்று கேட்டாள்.

"பாத்திருக்கேன், பேசினதில்ல. உங்க பெஞ்சுலதானே உக்காருவாங்க?"

"என் பக்கத்துலதான். வருஷக்கணக்கா. ஒரே பாட்டுப் புத்தகத்த ரெண்டு பேரும் புடிச்சுப் பாடுவோம். அப்பா, அம்மா, கூடப்பொறந்தவன் எல்லாரும் போய்ட்டாங்க. தனியா கெடந்துச்சு, பாவம்." ஆர்டிஸ் காபியை ஊற்றினாள்; கோப்பை நிரம்பி வழிந்தது தெரியவில்லை. "காலையில இங்க வண்டி ஓட்டிட்டு வரும்போது யோசிச்சேன், மார்லிஸ். அந்த அம்மா முகம் எப்படி இருக்கும்? வரல. கை ஞாபகம் வருது. குரல் ஞாபகம் வருது. முகம் வரமாட்டேங்குது. சவப்பெட்டியத் திறந்துதான் வெச்சிருந்தாங்க, குனிஞ்சு பாத்தேன். வெளிய வந்து கார் கதவத் திறக்கறதுக்குள்ள, என்னத்தப் பாத்தேன்னு தெரியல."

"வயசாயிடுச்சு உனக்கு."

"அப்படித்தான் இருக்கணும்," என்றாள் ஆர்டிஸ். நம்பியதாகத் தெரியவில்லை.

டின் ஏலத்துக்கு வந்தபோது நார்வல் தன் வழக்கப்படி மூச்சுவிடாமல் விலையை ராகமாக இழுத்தார். கிளேட்டன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு யாரும் கேட்கவில்லை. பொத்தான் விலைக்கே அவளுக்கு விழுந்தது.

*

வீட்டில் அவள் கணவன் ஆரின் அடுக்களையில் ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தான். முப்பது வருஷம் பால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். பெரிய உடம்பு, சின்னக் குரல். சிக்னி போனபிறகு அந்தக் குரலும் பாதியாகிவிட்டது. மகளின் பேரை அவன் வீட்டுக்குள் சொல்லியே காலம் ஆயிற்று. ஆனால் பியானோவின் மேலிருந்த அவள் படத்தை வாரம் தவறாமல் துடைப்பவன் அவன்தான்: பள்ளி முடித்த அன்று எடுத்தது, நீல அங்கியும் குஞ்சம் வைத்த தொப்பியும்.

"என்ன கெடச்சுது?"

"பொத்தான்."

"சரிதான். நம்மகிட்ட பொத்தான் பஞ்சமாச்சே," என்று சொல்லிவிட்டு விறகு எடுத்துவரப் போனான்.

மார்லிஸ் துண்டை விரித்துக் காசுகளை ஒவ்வொன்றாக வைத்தாள். எல்லாம் மொட்டை. ஒன்றின் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தாள். யாரோ காலியாக விட்டுப்போன செருப்புக்குள் கால் போவதுபோல விரல் போய்ப் பொருந்தியது. அடுப்புச் சூட்டில் வைத்திருந்தும் வெள்ளி சில்லென்றிருந்தது.

டின்னின் அடியில் கடைசியாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இதில் மட்டும் முகம் இருந்தது. சுருள்முடி, கனத்த கன்னம், மூடியும் மூடாமலும் ஒரு உதடு. நல்ல காசு. லென்ஸை எடுக்கத்தான் நினைத்தாள். அதற்குள் கட்டைவிரல் போய் அந்தக் கன்னத்தில் படிந்து மெல்லத் தேய்த்தது.

சிக்னி வந்தாள்.

நினைவு வருவதுபோல அல்ல. நினைவில் வருகிற சிக்னி எப்போதும் பியானோ மேலிருந்த சிக்னிதான். மற்ற முகங்கள் எல்லாம் அந்த ஒரு படத்துக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டிருந்தன. இது உயிருள்ள முகம். காலையில் எழுந்து வந்த முகம். கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு, தாடையில் ஒரு பரு, சைக்கிளில் விழுந்து உடைந்த முன்பல்லின் ஓரம். இடது புருவத்தைக் கன்றுக்குட்டி உதைத்துப் பிளந்த தழும்புக்கு மேல் முடி முளைக்காத சின்ன இடைவெளி. ஆப்பிள் வாசனை ஷாம்பூ. அம்மா, என்ன இப்படிப் பாக்கற, என்று கேட்கப்போகிறவள்போல அந்த முகம் அவளைப் பார்த்தது.

விரல் நின்றதும் போய்விட்டது.

மார்லிஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விபத்துக்குப் பிறகு சவப்பெட்டியைத் திறக்கவேயில்லை. பார்க்காதீங்க, பழைய முகமே மனசுல இருக்கட்டும் என்று எல்லாரும் நல்ல மனதோடு சொன்னார்கள். மூடிய மரப்பெட்டியின் மேல் அவளும் ஆரினும் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியாக ஒருமுறை பார்க்காத அந்த முகத்துக்காக அவள் நெஞ்சு காய்ந்து கிடந்தது. இப்போது கேட்காமலே கிடைத்திருக்கிறது.

வாசலில் ஆரின் பூட்ஸைத் தட்டும் சத்தம் கேட்டது. காசை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு ஆரின் கொட்டகைக்குப் போகும்போதெல்லாம் எடுத்தாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தாள். சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது கோட்டுப் பைக்குள் விரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது, ஆர்டிஸ் திரும்பிப் பார்த்து, "என்னடி, தனியா சிரிக்கற?" என்று கிசுகிசுத்தாள். ஒவ்வொரு தடவையும் வேறொரு சிக்னி. காய்ச்சலில் சிவந்த சிக்னி, பால்பல் விழுந்த சிக்னி, பொய் சொல்லிவிட்டு மூக்கைச் சொறிகிற சிக்னி. மார்லிஸ் மறுபடியும் அடுக்களையில் பாட ஆரம்பித்தாள். ஆரின் கதவருகில் நின்று கேட்டுவிட்டுப் போவான்.

காசின் சுருள்முடி மழுங்கியிருந்ததை அவள் பார்த்தாள். பிறகு காசிலிருந்த கண்ணும் போயிற்று. வெள்ளி இவ்வளவு சீக்கிரம் தேயாது. ஒரு ஆயுள் தேய்த்தால் ஆகிற பள்ளம் இது. யார் இப்படியொரு காசைக் கொண்டுவந்து காட்டியிருந்தாலும், இதில் ஏதோ கோளாறு, தொடாதே என்று அவள்தான் முதலில் சொல்லியிருப்பாள். பார்த்தாள். பார்க்காததுபோல் பையில் போட்டுக்கொண்டாள்.

"மார்லி."

ஆரின் பியானோவின் முன்னால் துணியும் கையுமாக நின்றிருந்தான். திரும்பவில்லை.

"இந்தப் படத்துக்கு என்னாச்சு?"

நீல அங்கி அப்படியே இருந்தது. குஞ்சத்தின் ஒவ்வொரு நூலும் இருந்தது. தொப்பிக்குக் கீழே, மூடுபனி கண்ணாடியில் ஊதியதுபோல ஒரு வெளுப்பு. அதற்குள் வாயும் தாடையும் மட்டும் மிச்சமிருந்தன. வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

மார்லிஸ் மாடிக்கு ஓடினாள். ஆல்பத்தைப் பிரித்தாள். பனிமனிதனின் பக்கத்தில் சிவப்புக் கோட்டு போட்ட குழந்தை. ஞானஸ்நான உடுப்பு. ஏரிக்கரை. பள்ளி ஆண்டுமலர். இழுப்பறையில் பத்திரப்படுத்திய ஓட்டுநர் உரிமம்கூட. எல்லாவற்றிலும் கைகள், கால்கள், உடுப்புகள். ஒரு சிரிப்பு. அதற்கு மேலே எதுவும் இல்லை.

கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். கண் என்ன நிறம்? அவள் பெற்ற பிள்ளை. கண் என்ன நிறம்?

*

அன்று சாயங்காலமே ஆரினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டின்னை மேசையில் கொட்டிக் காட்டினாள். தேய்ந்த காசின் மேல் மிச்சமிருந்த உதட்டைக் காட்டினாள். கத்துவான் என்று நினைத்தாள். அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத்தன நாளா," என்றான், "நீ அவளப் பாத்துட்டா இருந்த?"

"ஆரின், நான் வேணும்னு..."

"இல்ல, நான் அதக் கேக்கல." அவன் பெரிய கைகள் மேசைமேல் கிடந்தன. "எனக்கு ஏன் சொல்லல? நான் கீழதானே இருந்தேன். கூப்பிட்டிருக்கலாம்ல?"

தனக்கே வேண்டும் என்றுதான் வைத்துக்கொண்டாள். இருவரும் அதைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் அவனே கேட்டான். "உனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லியா?"

"வாய் இருக்கு. சிரிக்கறது இருக்கு."

"கண்ணு சாம்பல் பச்சை," என்றான் ஆரின். "எங்கம்மா கண்ணு. இடது புருவத்துல வெட்டு, கன்னுக்குட்டி ஒதச்சது. மூக்கு உன்னது. அத எப்பவும் திட்டுவா."

இத்தனை வருஷம் பேசாமலிருந்தவன் அன்றிலிருந்து தினமும் பொழுது சாயும் நேரத்தில் அடுக்களை மேசைக்கு எதிரில் உட்கார்ந்து மகளின் முகத்தைச் சொன்னான். நெற்றி எவ்வளவு அகலம், கோபம் வந்தால் காது எப்படிச் சிவக்கும், தூங்கும்போது ஒரு கண் முழுசாக மூடாது. மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். சொல்லும்வரை முகம் நிற்கும். நிறுத்தியதும் தண்ணீரில் எழுதியதுபோலக் கலைந்துவிடும். மறுநாள் மறுபடியும், "சொல்லு," என்பாள். அவனும் சலிக்காமல் சொல்வான். கல்யாணம் ஆன புதிதில்கூட அவர்கள் இவ்வளவு பேசியதில்லை.

காசு டின்னுக்குள், டின் நிலவறையில். மார்லிஸ் தொடவில்லை. ஆனால் அடுப்பில் நிற்கும்போது கட்டைவிரல் தானாக ஆள்காட்டி விரலின் மேல் வட்டமிடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒருநாள் மதியம் ஆரின் கோட்டை மாட்டினான்.

"பாலத்துக்குப் போய் ஆத்துல போட்டுட்டு வரேன். வீட்ல இருந்தா உன்னால முடியாது."

"நானும் வரேன்."

"வேணாம். நீ வந்தா குடுக்கமாட்ட."

பிக்கப் வண்டி வீட்டு மேட்டிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. பனி விழ ஆரம்பித்தது. காற்று இல்லாத பனி, நேராக, சத்தமில்லாமல். மார்லிஸ் உருளைக்கிழங்கு உரித்தாள். ஆறு அடிவாரத்தில்தான் இருக்கிறது. போய்த் திரும்ப அதிக நேரம் ஆகாது. உரித்து முடித்தாள், வேகவைத்தாள், வடித்தாள். ஜன்னலுக்கு வெளியே கொட்டகை சாம்பலாகி, நீலமாகி, மறைந்தது. அடுக்களை விளக்கைப் போட்டதும் கண்ணாடியில் அவள் உருவம் தெரிந்தது. ஏனோ அதைப் பார்க்கப் பிடிக்காமல் திரையை இழுத்துவிட்டாள்.

பிக்கப் வந்தது. கதவு திறந்தது. ஆரின் தலையெல்லாம் பனியோடு உள்ளே வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த கரண்டி அசையாமல் நின்றது. ஆரின் சிரித்துக்கொண்டிருந்தான். வாய் கொள்ளாத சிரிப்பு. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி நடையில் நின்று சிரித்த சிரிப்பு.

"பாத்தேன், மார்லி."

"ஆரின்."

"ஒரே ஒரு தடவதான். வண்டியில உக்காந்தபடியே. என்னப் பாத்து சிரிச்சா. நான் பால் வண்டிய நிறுத்திட்டு வருவேன்ல, ஓடிவந்து ஏறி உக்காருவாளே, அந்த வயசு. அப்புறம் பெரியவளா. அப்புறம்..." கன்னத்தில் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. "அப்புறம் போட்டுட்டேன். எல்லாத்தையும் ஆத்துல போட்டுட்டேன். சத்தியமா."

"கடைசிக் காசு? அதுல வாய் இருந்துதே. மிச்சம் இருந்துதா?"

அவன் தன் கட்டைவிரலைப் பார்த்தான்.

"உக்காரு," என்றாள். எதிரில் உட்கார்ந்து அவன் ஈரக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லு. தினமும் சொல்றத சொல்லு. கண்ணு என்ன கலர்?"

ஆரின் வாயைத் திறந்தான்.

அடுப்பில் விறகு வெடித்தது. ஃப்ரிட்ஜ் முனகி நின்றது.

"புருவத்துல வெட்டு இருக்கும்ல? எந்தப் பக்கம்? ஆரின், எந்தப் பக்கம்?"

சிரிப்பு அவன் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. உதடுகள் அசைந்தன, ஒரு சொல்லைத் தேடித் தேடி அவன் கண்கள் மேசைமேல், சுவர்மேல், அவள்மேல் அலைந்தன. அந்தப் பெரிய உடம்பு குலுங்க ஆரம்பித்தது.

"மார்லி," என்றான். "நமக்குப் பொண்ணுதானே?"

அவள் திரும்பிப் பியானோவைப் பார்த்தாள். நீல அங்கி. குஞ்சம். கழுத்துப்பட்டி. கழுத்துப்பட்டிக்கு மேலே வெள்ளையாக ஒரு முட்டை வடிவம். வாயும் இல்லை.

இனி உலகத்தில் எங்கும் இல்லை.

இருவரும் கைகளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அடுப்பில் விறகு வைக்கவில்லை. உருளைக்கிழங்கு ஆறிப்போயிற்று. வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது, சத்தமில்லாமல்.

பிறகு ஒரு சத்தம்.

பின்வாசல் படியில் யாரோ பூட்ஸைத் தட்டினார்கள். இடது கால். வலது கால். எடை குறைந்த கால்கள்.

சாலையில் வண்டி எதுவும் வரவில்லை. பக்கத்துப் பண்ணை நாய்கூடக் குரைக்கவில்லை.

வெளிக்கதவின் ஸ்பிரிங் இழுபட்டு முனகியது. தாழ்வாரத்தில் ஈரத் துணியின் வாசனை. அதனடியில் பள்ளத்து மண்ணின் வாசனை. அதற்கும் அடியில், லேசாக, ஆப்பிள்.

எழுந்து ஓடு என்று மார்லிஸின் கால்கள் சொல்லின. ஓடவில்லை. ஆரினின் கை அவள் கையை நெரித்தது.

"மார்லி," என்றான் மூச்சாக. "நம்ம பொண்ணு."

கதவு திறந்தது.

வந்தவளின் நீலக் கோட்டைத்தான் மார்லிஸ் முதலில் பார்த்தாள். அந்தக் குளிர்காலத்துக்கென்று வாங்கிக் கொடுத்தது, தோள் கிழிந்திருந்தது. மெலிந்த மணிக்கட்டுகள். நகம் கடித்த விரல்கள். பனி படிந்த தலைமுடி, உருகாமல். முடிக்கும் கழுத்துப்பட்டிக்கும் நடுவே இருந்ததைப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வழவழவென்று, வெளிச்சத்தில் லேசாகப் பளபளத்து, நடுவில் ஆழமில்லாத ஒரு பள்ளம். யாரோ ஆயுள் முழுக்கத் தேய்த்ததுபோல.

நாங்கள்தான். நாங்கள் இருவரும்தான் தேய்த்தோம்.

"மன்னிச்சிரு," என்றாள் மார்லிஸ்.

சிக்னி நடந்து வந்தாள். குருடர்கள் வருவதுபோல, விரல்களால் நாற்காலி முதுகைத் தொட்டு, மேசை விளிம்பைத் தொட்டு. தான் வளர்ந்த அடுக்களையில் வழி தேடினாள். இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். குனிந்தாள். மூச்சு இல்லை. குளிர் மட்டும்.

ஒரு கை ஆரினின் கன்னத்துக்குப் போனது. இன்னொன்று மார்லிஸின் கன்னத்துக்கு வந்தது. மெதுவாக. பிரியமாக. நெற்றியைத் தடவிப் பார்த்தது. மூக்கைத் தடவிப் பார்த்தது. மூக்கில் கொஞ்சம் நின்றது.

பிறகு கட்டைவிரல் அசைந்தது.

வலிக்கவில்லை. எதிரே ஆரின் கண்ணை மூடியிருந்தான். சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சின்ன விரல் போய்வரும் இடத்தில் அவன் புருவம் மெலிந்தது. சுருக்கங்கள் போயின. மூக்கின் தண்டு தாழ்ந்தது. விரல் போய் வந்தது. போய் வந்தது. மார்லிஸ் முகத்தை விலக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வாகாகத் தூக்கிக் கொடுத்தாள்.